யூதப் பண்டிகைகள்: வழக்கங்களும் பொருளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் விவிலியம் படித்தவர்களுக்குப் பஸ்கா, கூடாரப் பண்டிகை, ஓய்வுநாள் என்ற பெயர்கள் புதிதல்ல. ஆனால் அவற்றை இன்றைய யூதக் குடும்பங்கள் எப்படிக் கொண்டாடுகின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கி.பி. 70-இல் ரோமானியர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்ததோடு பலிபீடமும் ஆசாரியர்களின் சேவையும் நின்றுபோயின. அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தப் பண்டிகைகளைக் காப்பாற்றி வந்தது பெரும்பாலும் வீட்டுச் சமையலறையும் சாப்பாட்டு மேசையும்தான். ஆலயம் இல்லாத காலத்தில் ஒருவருடைய மேசையே அவருக்குப் பாவநிவிர்த்தி செய்கிறது என்று, ரபிகள் எனப்படும் யூதப் போதகர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் நூல் சொல்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் பல வழக்கங்களின் காரணம் தானாகவே விளங்கும்.

யூதப் பண்டிகைகளின் தேதி ஏன் ஒவ்வோர் ஆண்டும் மாறுகிறது?

யூத நாட்காட்டியில் அவை மாறுவதே இல்லை. பஸ்கா என்றைக்கும் நிசான் மாதம் 15-ஆம் நாள்தான். நாம் பயன்படுத்தும் ஆங்கில நாட்காட்டியோடு ஒப்பிடும்போதுதான் அது மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் நடுவில் நகர்கிறது.

யூத மாதம் அமாவாசையை ஒட்டிப் பிறைநிலவோடு பிறக்கும்; 29 அல்லது 30 நாட்கள் இருக்கும். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் சுமார் 354 நாட்கள். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. இதை அப்படியே விட்டால் பண்டிகைகள் எல்லாப் பருவங்களிலும் சுற்றி வரும், ரம்ஜான் வருவதுபோல. ஆனால் பஸ்கா வசந்த காலத்தில்தான் வரவேண்டும் என்பது தோராவின், அதாவது மோசேயின் ஐந்து நூல்களின், கட்டளை. அதனால் 19 ஆண்டுகளில் 7 முறை ஆதார் என்ற மாதத்தை இரண்டாக்குகிறார்கள். தெலுங்குப் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும். ஒரு வித்தியாசம்: அங்கே எந்த மாதமும் அதிக மாதமாக வரலாம், இங்கே ஆதார் மட்டும்தான்.

ஆண்டைப் படைப்பின் காலத்திலிருந்து எண்ணுவது மரபு. 2026 செப்டம்பர் 11 மாலையில் 5787-ஆம் ஆண்டு பிறக்கிறது.

பண்டிகை ஏன் மாலையிலேயே தொடங்கிவிடுகிறது?

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் ஒவ்வொரு நாளும் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" முடிகிறது. மாலை முதலில், காலை பிறகு. அதனால் யூதர்களுக்கு நாள் என்பது சூரியன் மறைவதில் தொடங்கி மறுநாள் இருட்டும்போது முடிகிறது. நாட்காட்டியில் ஒரு பண்டிகைக்குப் போட்டிருக்கும் தேதியைப் பார்த்தால், முதல் நாள் மாலையே அது தொடங்கிவிடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இஸ்ரேலில் ஒரு நாள் கொண்டாடும் பண்டிகையை மற்ற நாடுகளில் இரண்டு நாள் கொண்டாடுவது ஏன்?

பழங்காலத்தில் மாதப் பிறப்பைக் கணக்குப் போட்டுத் தீர்மானிக்கவில்லை. பிறையைக் கண்ணால் பார்த்த சாட்சிகள் எருசலேமில் இருந்த நீதிச் சபையின் முன் வந்து சொல்ல வேண்டும். சபை விசாரித்து அறிவிக்கும். செய்தியை மலை உச்சிகளில் தீ மூட்டி பாபிலோன் வரைக்கும் கடத்தினார்கள். சமாரியர்கள் வேண்டுமென்றே தவறான நாளில் தீ மூட்டிக் குழப்பியதால் ஆள் அனுப்பும் முறைக்கு மாறினார்கள் என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. ஆள் போய்ச் சேராத தூரத்து ஊர்களில் இன்றா நாளையா என்ற சந்தேகம் இருந்தது. இரண்டு நாளும் கொண்டாடிவிட்டால் தவறாது அல்லவா? கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் கணக்கு நிலையாகிவிட்டது என்பது மரபு. சந்தேகம் போன பிறகும் முன்னோர் வழக்கம் என்று இரண்டாம் நாளை விடாமல் வைத்துக்கொண்டார்கள். பழைய சட்டங்களைக் காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்ட சீர்திருத்த யூதர்கள் பெரும்பாலும் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

புத்தாண்டான ரோஷ் ஹஷானா மட்டும் இஸ்ரேலிலும் இரண்டு நாள். பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர் எங்கும் ஒரு நாள்தான்; இரண்டு நாள் தொடர்ந்து பட்டினி கிடக்க யாரையும் வற்புறுத்த முடியாது.

யூதர்களின் மிகப் பெரிய பண்டிகை எது?

பலரும் விளக்குப் பண்டிகையான ஹனுக்கா என்று நினைக்கிறார்கள். அது உண்மையில் சிறிய பண்டிகை. மதச் சட்டப்படி மிகப் புனிதமான நாள் யோம் கிப்பூர். குடும்பங்கள் அதிகமாகக் கூடுவது பஸ்காவுக்கு. ஆனால் என்னைக் கேட்டால், வாரம் தவறாமல் வரும் ஷாபாத்தை, அதாவது ஓய்வுநாளைத்தான் முதலில் சொல்வேன். பத்துக் கட்டளைகளில் இடம்பெற்ற ஒரே பண்டிகை அதுதான்.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது வீட்டுப் பெண் விளக்கேற்றுகிறாள்; எருசலேமில் வழக்கம் 40 நிமிடம். ஏற்றியபின் கைகளால் சுடரைத் தன் பக்கம் வளைத்து, கண்களை மூடிக்கொண்டு ஆசி சொல்வாள். அப்புறம் கிண்ணத்தில் திராட்சை ரசம், துணியால் மூடிய இரண்டு ஹல்லா ரொட்டிகள். இரண்டு ஏன்? வனாந்தரத்தில் ஓய்வுநாளுக்கு முந்தைய நாள் மன்னா இரட்டிப்பாகக் கிடைத்ததன் நினைவு. கொங்கண் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு ரசம் எளிதில் கிடைக்காது. உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றைத்தான் கிண்ணத்தில் ஊற்றினார்கள்.

ஷாபாத்தில் மின்விளக்கு போடக்கூடாதா?

மரபைக் கறாராகக் கடைப்பிடிப்பவர்கள் போடமாட்டார்கள். மிஷ்னா 39 வகை வேலைகளைப் பட்டியலிட்டு விலக்குகிறது: உழுதல், நெய்தல், எழுதுதல், தீ மூட்டுதல், தீ அணைத்தல் போன்றவை. மின்சாரம் இந்தப் பட்டியலோடு சேர்த்துப் பார்க்கப்படுகிறது. விளக்குகளை முன்கூட்டியே டைமரில் வைத்துவிடுவார்கள். இஸ்ரேலில் பல கட்டடங்களில் அன்றைக்கு லிஃப்ட் எல்லா மாடியிலும் தானாக நின்று நின்று போகும். சமைக்கவும் கூடாது, வெள்ளிக்கிழமையே அடுப்பில் ஏற்றிய பீன்ஸும் இறைச்சியும் சேர்ந்த குழம்பு இரவெல்லாம் மெல்லிய சூட்டில் வெந்து மறுநாள் மதியச் சாப்பாடாகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தடைகளாகத் தெரியும். உள்ளே இருப்பவர்கள் சொல்வது வேறு: வாரத்தில் ஒரு நாள் போன் அடிக்காது, கடை இல்லை, அவசரம் இல்லை.

ரோஷ் ஹஷானாவில் ஏன் கொம்பு ஊதுகிறார்கள்?

ரோஷ் ஹஷானா புத்தாண்டு என்றாலும் பட்டாசும் ஆட்டமும் கிடையாது. கடவுள் உலகத்தாரை நியாயம் விசாரிக்கும் நாள் என்பதால் மகிழ்ச்சியோடு ஒரு அச்சமும் கலந்திருக்கும்.

ஷோஃபர் என்பது பெரும்பாலும் ஆட்டுக்கடாவின் கொம்பு. ஈசாக்கைப் பலியிட ஆபிரகாம் கத்தியை ஓங்கியபோது தடுக்கப்பட்டு, புதரில் கொம்பு சிக்கிய கடா ஈசாக்குக்குப் பதிலாகப் பலியான கதையை அது நினைவூட்டுகிறது. அந்தப் பகுதியை இரண்டாம் நாள் ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள். ஊதும் ஒலிகள் மூன்று வகை. தெக்கியா நீண்ட ஒற்றை ஒலி. ஷெவாரிம் விம்முவதுபோல மூன்று உடைந்த ஒலிகள். தெருவா விக்கி அழுவதுபோல அடுத்தடுத்து ஒன்பது சிறிய ஒலிகள். பெரும்பாலான சபைகளில் ஒரு நாளில் மொத்தம் 100 முறை ஊதுகிறார்கள். கொம்பில் துளைகளோ சாவிகளோ இல்லை. உதடும் மூச்சும்தான் எல்லாம். சில சமயம் ஊதுபவருக்குச் சத்தமே வராது, காற்று மட்டும் போகும். சபை முழுவதும் பேசாமல் காத்திருக்கும். அன்று ஷாபாத்தாக இருந்தால் ஊதமாட்டார்கள்.

வீட்டில் ஆப்பிள் துண்டைத் தேனில் தோய்த்து, ஆண்டு இனிப்பாக அமையட்டும் என்று சொல்லிச் சாப்பிடுகிறார்கள். மாதுளை, மீன்தலை, பேரீச்சை எல்லாம் மேசையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல் உண்டு. ஹல்லா ரொட்டியை வட்டமாகச் செய்வார்கள்.

யோம் கிப்பூரில் என்ன செய்கிறார்கள்?

சுமார் 25 மணி நேரம் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. குளிப்பதில்லை, எண்ணெயோ வாசனையோ பூசுவதில்லை, தோல் செருப்பு அணிவதில்லை, தாம்பத்தியம் இல்லை. வெள்ளை உடையில், காலில் துணிக் காலணியோடு ஜெப ஆலயத்துக்குப் போவார்கள். இஸ்ரேலில் விமான நிலையம் மூடியிருக்கும், தொலைக்காட்சி ஒளிபரப்பு நிற்கும். நெடுஞ்சாலைகளில் வண்டியே இல்லாததால் மத ஈடுபாடு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

முதல் நாள் மாலை அரமேய மொழியில் 'கோல் நித்ரே' பாடப்படுகிறது. கடவுளுக்குச் செய்து நிறைவேற்ற முடியாமல் போன பொருத்தனைகளிலிருந்து விடுதலை கேட்கும் வாசகம் அது. அடுத்து வருவது பாவ அறிக்கை. எபிரேய அகரவரிசையில் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மார்பில் தட்டிக்கொள்கிறார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், "நான் செய்தேன்" என்று யாரும் சொல்வதில்லை. எல்லாமே "நாங்கள் செய்தோம்". திருடாதவரும் திருடினோம் என்கிறார். தவறு செய்தவர் தனியாக அம்பலப்பட வேண்டியதில்லை, செய்யாதவர் விலகி நிற்கவும் முடியாது.

மிஷ்னாவில் இந்த நாளைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. மனிதன் கடவுளுக்கு எதிராகச் செய்ததை யோம் கிப்பூர் தீர்க்கும். சக மனிதனுக்கு எதிராகச் செய்ததை, அவனிடம் போய் மனம் ஆறச் செய்யும் வரை அது தீர்க்காது. ஆகவே முந்தின பத்து நாட்களில் ஆட்கள் நேரில் போகிறார்கள், போன் செய்கிறார்கள், பேசாமல் விட்ட அண்ணன் தம்பிகளிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். எல்லாப் பண்டிகைகளிலும் என்னை அதிகம் தொட்ட வழக்கம் இதுதான். இருபத்தைந்து மணி நேரப் பட்டினியைவிட அந்த ஒரு போன் கடினமானது.

மதியம் யோனாவின் கதை முழுவதையும் வாசிப்பார்கள். இருட்டியபின் ஷோஃபர் ஒரே ஒரு நீண்ட முறை ஒலிக்கும். அத்தோடு நோன்பு முடிந்தது.

நோயாளிகளும் நோன்பு இருக்க வேண்டுமா?

கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் நோன்பை விடுவதுதான் சட்டம். பிடிவாதமாக இருப்பது தவறு. பெண் பிள்ளைகளுக்கு 12, ஆண் பிள்ளைகளுக்கு 13 வயது ஆகும்வரை கட்டாயம் இல்லை. 1848-இல் வில்னா நகரத்தில் காலரா பரவியபோது, மதிப்புப் பெற்ற அறிஞரான ரபி இஸ்ரேல் சலாண்டர் அன்றைக்குச் சாப்பிடும்படி மக்களுக்கு அனுமதி கொடுத்தார்.

கூடாரப் பண்டிகையான சுக்கோத்தின்போது வெளியே குடிசை போடுவது எதற்கு?

எகிப்திலிருந்து வெளியேறிய மக்கள் நாற்பது ஆண்டு வனாந்தரத்தில் கூடாரங்களில் தங்கியதன் நினைவு; கூடவே இது அறுவடைப் பண்டிகையும்தான். யோம் கிப்பூர் முடிந்த இரவே பல வீடுகளில் முதல் ஆணி அடித்துவிடுவார்கள். பட்டினி கலைந்து சாப்பிட்ட கையோடு சுத்தியலை எடுப்பது நல்ல செயலைத் தள்ளிப்போடாமைக்கு அடையாளம்.

கூரையில்தான் விதிகள் அதிகம். வெட்டிய ஓலை, கிளை, மூங்கில் போல மண்ணில் விளைந்த பொருளாக இருக்க வேண்டும். வெயிலைவிட நிழல் அதிகம் விழவேண்டும்; ஆனாலும் இரவில் இடுக்கு வழியே நட்சத்திரம் தெரிந்தால் நல்லது. ஏழு நாளும் அதற்குள்ளேதான் சாப்பாடு, முடிந்தவர்களுக்குத் தூக்கமும். மழை கொட்டினால் வீட்டுக்குள் போய்விடலாம். இஸ்ரேலில் அடுக்குமாடிக் கட்டடங்களின் பால்கனிகளை ஒன்றுக்கு மேல் ஒன்று மறைக்காமல் தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பதைப் பார்க்கலாம்; குடிசையின் கூரைக்கு மேலே வானம் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான்.

நான்கு தாவரங்களைக் கையில் பிடித்து ஆட்டும் வழக்கமும் உண்டு: பேரீச்சையின் விரியாத குருத்தோலை, மிர்டில் கிளை, நீரோரம் வளரும் வில்லோ கிளை, அப்புறம் எத்ரோக் என்ற பழம். எத்ரோக் நம் நார்த்தங்காயின் உறவு. தோல் தடித்து மேடுபள்ளமாக, நல்ல மணத்தோடு இருக்கும். எருசலேம் சந்தையில் அதை வாங்க வரும் பக்தர்கள் பூதக்கண்ணாடியோடு நிற்பார்கள். தோலில் கரும்புள்ளி இருக்கிறதா, நுனியில் இருக்கும் சிறிய காம்பு முறியாமல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, பத்துப் பழத்தைக் கீழே வைத்துவிட்டுப் பதினோராவதை எடுப்பார்கள். குறை இல்லாத பழத்துக்கு விலை மிக அதிகம்.

சிம்ஹாத் தோரா என்றால் என்ன?

தோராவை வாரம் ஒரு பகுதியாக ஆண்டு முழுவதும் வாசித்து முடிக்கும் நாள். முடித்த கையோடு ஆதியாகமம் முதல் வசனத்தை மறுபடியும் தொடங்கிவிடுவார்கள். சுருள்களைத் தோளில் சுமந்து ஏழு சுற்று ஆடிப் பாடி வருவது வழக்கம். நம் பக்கத்திலேயே கொச்சியில் இது பெரிய விழாவாக நடந்தது. அங்கே மாலையில் ஆலயத்துக்கு வெளியே முற்றத்திலும் சுருள்களோடு வலம் வந்தார்கள். மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம் இன்றும் இருக்கிறது. 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் அந்த வலம் இப்போது நினைவில்தான்.

ஹனுக்கா யூதர்களின் கிறிஸ்துமஸா?

இல்லை. இரண்டும் டிசம்பரை ஒட்டி வருவதால் வந்த குழப்பம். அமெரிக்காவில் பரிசு கொடுக்கும் பழக்கம் பெருகியதும் ஒரு காரணம்.

சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோகஸ் யூத வழிபாட்டைத் தடைசெய்து, எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தினான். யூதா மக்கபே தலைமையில் கிளர்ந்தவர்கள் கி.மு. 164-இல் ஆலயத்தை மீட்டு மறுபடி பிரதிஷ்டை செய்தார்கள். ஒரு நாளுக்குப் போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்ற கதை தல்மூத்தில்தான் வருகிறது. அதற்கு முந்தைய மக்கபேயர் நூல்களில் அது இல்லை. போர் வெற்றியை விட்டுவிட்டு விளக்கைக் கொண்டாடலாம் என்று பிற்கால ரபிகள் தேர்ந்தெடுத்தார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

விளக்கை எப்படி ஏற்றுவது என்பதில் பழைய அறிஞர்களின் இரண்டு பள்ளிகளுக்குள் விவாதம் இருந்தது. எட்டில் தொடங்கி ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும் என்றது ஷம்மாய் பள்ளி. ஒன்றில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகவேண்டும், புனிதத்தில் ஏற வேண்டுமே தவிர இறங்கக் கூடாது என்றது ஹில்லேல் பள்ளி. இன்று எல்லா வீடுகளிலும் ஹில்லேல் சொன்னதுதான். மெழுகுவர்த்திகளை வலமிருந்து இடமாக அடுக்கி, ஏற்றும்போது இடமிருந்து, அதாவது அன்றைய புதியதிலிருந்து தொடங்குவார்கள். ஒன்பதாவது திரி மற்றவற்றை ஏற்றும் சேவகன். விளக்கைச் சன்னலில் வைப்பது ஊர் பார்க்க. ஆபத்தான காலத்தில் மேசையில் வைத்தால் போதும் என்றும் தல்மூத் சொல்லி வைத்திருக்கிறது. எண்ணெயின் நினைவாக உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த லாட்கே, ஜாம் வைத்த டோனட் ஆகியவை பலகாரம்.

பூரிமில் மாறுவேடம் போட்டுச் சத்தம் போடுவது ஏன்?

பாரசீகத்தில் யூதர்களை அழிக்கச் சீட்டுப் போட்டு நாள் குறித்த ஆமானின் திட்டத்தை, அரசி எஸ்தரும் அவள் உறவினர் மொர்தெகாயும் முறியடித்த கதை. எஸ்தர் நூலை மாலையிலும் காலையிலும் முழுவதுமாக வாசிக்கும்போது ஆமான் பெயர் வரும் ஒவ்வொரு தடவையும் குழந்தைகள் கிலுகிலுப்பை சுழற்றி, காலைத் தரையில் உதைத்து அந்தப் பெயர் காதில் விழாதபடி செய்கிறார்கள். வாசிப்பவர் பொறுமையாக நிற்பார். எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் இந்த நூலில் ஓரிடத்திலும் இல்லை. மறைந்திருந்து செயல்பட்டார் என்பது மரபின் விளக்கம். மாறுவேடத்தையும் அதோடு இணைத்துச் சொல்வார்கள்.

கூத்துக்கு நடுவில் கடமைகளும் உண்டு. நண்பர் ஒருவருக்காவது இரண்டு வகைத் தின்பண்டம் அனுப்ப வேண்டும். ஏழைகள் இரண்டு பேருக்காவது கொடுக்க வேண்டும். விருந்துக்குச் செலவழிப்பதைவிட ஏழைகளுக்குக் கொடுப்பதில் தாராளம் காட்டு என்கிறார் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ். கதையின் ஒன்பதாம் அதிகாரத்தில் எதிரிகள் பெருந்தொகையாகக் கொல்லப்படும் பகுதி இன்றைய யூத வாசகர்கள் பலரைச் சங்கடப்படுத்துகிறது. அதைப் பற்றி அவர்களுக்குள் வெளிப்படையாகவே பேசிக்கொள்கிறார்கள்.

பஸ்காவுக்கு முன் வீட்டையே தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்கிறார்களே?

எகிப்திலிருந்து அவசரமாகக் கிளம்பியபோது மாவு புளிக்க நேரமில்லை. அதனால் இஸ்ரேலில் ஏழு நாள், வெளியே எட்டு நாள், புளித்த எதுவும் வீட்டில் இருக்கவே கூடாது. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களில் தண்ணீர் பட்டுப் புளித்ததெல்லாம் ஹமேட்ஸ். ரொட்டித் தூள் கோட்டுப் பையில் இருந்தாலும் ஹமேட்ஸ்தான். அலமாரி, குளிர்சாதனப் பெட்டி, சோபா இடுக்கு, குழந்தையின் பள்ளிப் பை எல்லாம் வெளியே வரும்.

முந்தின இரவு விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குடும்பமாகத் தேடுகிறார்கள். தேடல் வீணாகக் கூடாது என்று யாராவது பத்து ரொட்டித் துண்டுகளை முன்கூட்டியே ஒளித்து வைத்திருப்பார்கள். இறகால் மரக்கரண்டியில் தள்ளி எடுத்து, மறுநாள் காலை எரித்துவிடுவார்கள். எறிய முடியாத சரக்கை யூதர் அல்லாத ஒருவருக்குப் பத்திரம் எழுதி விற்று, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இஸ்ரேல் அரசாங்கமே தன் கிடங்குச் சரக்கை இப்படி விற்கிறது.

மாத்சா என்ற புளிப்பில்லாத அப்பத்தை, மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் அடுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். கையால் செய்யும் இடங்களில் ஒருவர் தண்ணீர் ஊற்ற, ஒருவர் பிசைய, வரிசையாக நின்று உருட்டுபவர்கள் உருட்ட, முள் சக்கரத்தால் துளையிட்டு, நீண்ட கழியில் தொங்கவிட்டு அடுப்புக்குள் போடுகிறார்கள். நேரம் முடிந்தால் மேசை விரிப்பு, குழவி எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத்தான் அடுத்த தொகுதி.

செடர் இரவில் என்ன நடக்கிறது?

பஸ்காவின் முதல் இரவில் சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் பதினைந்து படிகளாக நடக்கும் வழிபாடுதான் செடர். தட்டில் கசப்புக் கீரை, அடிமைத்தனத்தின் கசப்புக்கு. ஹரோசெத் என்ற இனிப்புக் குழைவு, அடிமைகள் பிசைந்த களிமண்ணுக்கு. ஐரோப்பிய யூதர்கள் அதில் ஆப்பிளும் வால்நட்டும் போடுவார்கள், இந்திய யூதர்கள் பேரீச்சம்பழப் பாகு காய்ச்சுவார்கள். உப்புத் தண்ணீர் கண்ணீருக்கு. சுட்ட எலும்பு பஸ்கா பலியின் நினைவுக்கு. நான்கு கிண்ணம் திராட்சை ரசம் குடிப்பார்கள். சுதந்திர மனிதர்கள் என்பதைக் காட்ட இடது பக்கம் சாய்ந்தபடி.

இதன் மையம் கேள்வி. வீட்டின் கடைக்குட்டி எழுந்து, இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து எப்படி வேறுபட்டது என்று பாடிக் கேட்கும். பதிலாகத்தான் எகிப்தின் முழுக் கதையும் வருகிறது. தல்மூத் இன்னும் ஒரு படி போகிறது: பிள்ளை இல்லையென்றால் மனைவி கேட்கட்டும், இரண்டு அறிஞர்கள் இருந்தால் ஒருவரை ஒருவர் கேட்கட்டும், தனியாக இருப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். பதில் மனப்பாடமாகத் தெரிந்தவரும் கேட்டே தீரவேண்டும்.

பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி ரசத்தைக் கிண்ணத்திலிருந்து எடுத்துத் தட்டில் விடுகிறார்கள். எதிரியே ஆனாலும் எகிப்தியர்கள் துன்பப்பட்டார்கள், நம் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாது என்பது இதற்குச் சொல்லும் பிரபலமான விளக்கம். பின்னிரவில் எலியா தீர்க்கதரிசிக்காகக் கதவைத் திறக்கிறார்கள். நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா கெட்டோவின் எழுச்சி வெடித்த 1943 ஏப்ரல் 19, பஸ்காவுக்கு முந்தைய நாள். அன்று மாலையும் அங்கே பதுங்கு குழிகளில் சிலர் செடர் நடத்தினார்கள்.

பஸ்காவில் அரிசி சாப்பிடலாமா?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அரிசியும் பருப்பும் ஹமேட்ஸ் அல்ல. ஆனால் கோதுமையோடு கலந்துவிடும் என்ற அச்சத்தில் ஐரோப்பாவின் அஷ்கனாசி யூதர்கள் அவற்றையும் விலக்கினார்கள். ஸ்பெயின் மரபு வழி வந்த செஃபார்திகளில் பெரும்பாலோரும் இந்திய யூதர்களும் சாப்பிடுகிறார்கள். கொச்சியில் வேறு தானியம் ஒன்றும் கலந்துவிடக்கூடாது என்று பஸ்காவுக்குப் பல வாரங்கள் முன்பே பெண்கள் அரிசியை மணி மணியாகப் பொறுக்கிச் சுத்தம் செய்து தனியாக எடுத்து வைத்தார்கள்.

இன்னும் ஆட்டுக்குட்டி பலியிடுகிறார்களா?

யூதர்கள் இல்லை, ஆலயம் இல்லாமல் பலி கிடையாது. யூதர்களோடு வேர் ஒன்றான சமாரியர்கள் மட்டும் நாப்லஸ் அருகே கெரிசீம் மலையில் இன்றும் பஸ்கா ஆடுகளைப் பலியிடுகிறார்கள்.

ஷாவுஓத் எதற்கு?

பஸ்காவிலிருந்து 49 நாட்களை இரவுதோறும் எண்ணி, ஐம்பதாம் நாள் வருவது. சீனாய் மலையில் தோரா அருளப்பட்ட நாள். இரவு முழுவதும் கண்விழித்துப் படிப்பார்கள். ரூத்தின் கதையை வாசிப்பார்கள். சீஸ் கேக் போன்ற பால் உணவு சாப்பிடுவார்கள்.

துக்க நாட்கள் உண்டா?

ஆவ் மாதம் ஒன்பதாம் நாள், திஷா பெஆவ். கி.மு. 586-இல் பாபிலோனியர்களும் கி.பி. 70-இல் ரோமானியர்களும் ஆலயத்தை அழித்ததற்கான நோன்பு. தரையில் உட்கார்ந்து, மங்கிய வெளிச்சத்தில் புலம்பல் நூலை வாசிக்கிறார்கள். அன்று ஒருவருக்கொருவர் வணக்கம் கூடச் சொல்வதில்லை.

இஸ்ரேல் உருவான பின் சேர்ந்த நாட்களில், நிசான் 27 நாஜிகளால் கொல்லப்பட்ட அறுபது லட்சம் பேருக்கானது. காலையில் நாடு முழுவதும் இரண்டு நிமிடம் சைரன் ஒலிக்கும். நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்தி இறங்கி, கதவருகிலேயே தலைகுனிந்து நிற்பார்கள்.

இந்திய யூதர்களின் வழக்கங்கள் வேறா?

கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் மக்களைப் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும். கப்பல் உடைந்து கரையேறிய முன்னோரின் வழி வந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. எபிரேய நூல்களும் ரபிகளும் இல்லாமல் பல தலைமுறைகள் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கை ஓட்டாததால் ஊரார் அவர்களை "சனிவார் தேலி", சனிக்கிழமை வாணியர் என்றார்கள். பண்டிகைகளின் எபிரேயப் பெயர்கள் மறந்துபோய், மராத்திப் பெயர்கள் வந்தன. யோம் கிப்பூருக்குக் கதவடைப்புப் பண்டிகை என்று பெயர். வெள்ளை உடுத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, வெளியார் யாரையும் தொடாமல் நோன்பிருந்தார்கள். ஹனுக்கா மட்டும் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அந்தப் போருக்கு முன்பே தங்கள் முன்னோர் கிளம்பிவிட்டார்கள் என்பதற்கு அதையே சான்றாகச் சொல்வார்கள். அவல், தேங்காய், பழங்கள் சேர்த்த மலிதா தட்டை வைத்து எலியா தீர்க்கதரிசியை நினைத்து வேண்டுவது அவர்களுக்கே உரிய வழக்கம். இஸ்ரேலுக்குப் போன பிறகும் கைவிடவில்லை. சுருளும் போதகரும் இல்லாத ஊரில், நோன்பும் சமையலும் கதவடைப்பும் மட்டுமே ஒரு மதத்தை இத்தனை காலம் தாங்கியிருக்கின்றன.

யூத நண்பர் வீட்டுப் பண்டிகைக்கு அழைத்தால் என்ன கொண்டுபோவது, என்ன சொல்வது?

பஸ்காவுக்குக் கேக், பிஸ்கட், ரொட்டி எதுவும் வேண்டாம், வாசலிலேயே சங்கடமாகிவிடும். சமைத்த பண்டம் எந்தப் பண்டிகைக்கும் வேண்டாம், அவர்கள் வீட்டுக் கோஷர் விதி, அதாவது யூத உணவுச் சட்டம், உங்களுக்குத் தெரியாது. பூ நல்லது, ஷாபாத் என்றால் தொடங்குவதற்கு முன்பே கொடுத்து அனுப்பிவிடுங்கள். திராட்சை ரசம் வாங்குவதாக இருந்தால் கோஷர் முத்திரை பார்த்து வாங்குங்கள்.

பொதுவாக "ஹாக் ஸமேயாக்" என்றால் எந்த மகிழ்ச்சிப் பண்டிகைக்கும் பொருந்தும். புத்தாண்டுக்கு "ஷானா தோவா". யோம் கிப்பூருக்கு முன், நோன்பு சுலபமாக அமையட்டும் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ சொன்னாலே போதும். ஜெப ஆலயத்துக்குள் போகும் ஆண்கள் தலையை மூடவேண்டும். வாசலில் குல்லா வைத்திருப்பார்கள். ஷாபாத்திலும் பெரிய பண்டிகை நாட்களிலும் போனைப் பையிலேயே வைத்துவிடுங்கள், படம் எடுக்காதீர்கள். அப்புறம், செடருக்குப் போனால் சாப்பாடு வர நேரமாகும். மதியம் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டே போங்கள். சந்தேகம் வந்தால் தயங்காமல் கேளுங்கள், அந்த இரவில் கேள்வி கேட்கும் விருந்தாளியை அவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.